ஜெஃபர்சன் கையெழுத்துப் போட்ட பட்டா: பழைய அமெரிக்க அரசுத் தாள்களைச் சேகரிப்பது பற்றி

நம் ஊரில் பட்டாவில் கையெழுத்துப் போடுபவர் தாசில்தார். 1800-களின் தொடக்கத்தில் ஒஹையோ பக்கம் அரசாங்கத்திடமிருந்து நிலம் பெற்ற ஒரு விவசாயிக்கு வந்த பட்டாவிலோ, கையெழுத்துப் போட்டவர் நாட்டின் ஜனாதிபதி. தோல்தாளில் அச்சடித்த படிவம். நடுவில் விட்ட இடங்களில் எழுத்தர் ஒருவர் பெயரையும் நில அளவையும் நிரப்பியிருப்பார். அடியில் ‘தா: ஜெஃபர்சன்’ என்று இருக்கும். முதல் பெயரை முழுதாக எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. கூடவே வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் மாடிசனின் கையெழுத்தும் இருக்கும். நாட்டின் மூன்றாவது, நான்காவது ஜனாதிபதிகள் இருவரும் யாரோ ஒரு விவசாயியின் பட்டாவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

இப்படிப்பட்ட தாள்களைத் தேடி வாங்கிச் சேர்ப்பது அமெரிக்காவில் இருநூறு வருடப் பழக்கம். ஆரம்பத்தில் வெறும் ‘பெரிய மனிதர் கையெழுத்து’ மோகம்தான். வில்லியம் ஸ்ப்ரேக் என்றொரு இளைஞர் 1815 வாக்கில் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். வாஷிங்டனுக்கு வந்த கடிதங்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ள அங்கே அனுமதி கேட்டார், கிடைத்தது. ஒரே நிபந்தனை, எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எழுதி வைத்துவிட வேண்டும். ஆயிரத்துக்கும் மேல் அள்ளிக்கொண்டார். இன்று கேட்டால் ஆவணக் காப்பக ஊழியர்களுக்கு நெஞ்சு வலியே வந்துவிடும்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ‘கையெழுத்து’ என்றால் கையால் எழுதிய எழுத்தும் அதுதான், ஒப்பமிடுவதும் அதுதான். இந்த உலகத்தில் இரண்டையும் பிரித்தே பேச வேண்டும். வாஷிங்டன் முழுக்கத் தன் கைப்பட எழுதி ஒப்பமிட்ட கடிதம் ஒரு ரகம். உதவியாளர் எழுத, அவர் ஒப்பம் மட்டும் இட்டது அடுத்த ரகம்; சுதந்திரப் போர்க்காலத்தில் அவர் சொல்ல எழுதியவர்களில், பின்னாளில் நாட்டின் முதல் நிதிச் செயலரான அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஒருவர் என்பதால் இந்த ரகமும் சும்மா இல்லை. அச்சிட்ட படிவத்தில் ஒப்பமிட்டது மூன்றாவது. அரசு ஆவணங்கள் பெரும்பாலும் இந்த மூன்றாம் ரகத்தில் வரும். விலை ஒப்பீட்டளவில் குறைவு, எண்ணிக்கையும் அதிகம், ஆகவே புதிதாக வருபவர் நுழைய ஏற்ற வாசல் இதுதான். இனி இந்தக் கட்டுரையில் கையெழுத்து என்றால் ஒப்பம்.

என்னென்ன தாள்கள்

ராணுவ அதிகாரிகளின் நியமன ஆணைகள், தபால் அதிகாரிகளின் நியமனங்கள், மன்னிப்பு ஆணைகள் என்று பட்டியல் நீளம். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. எனக்குப் பிடித்தது கப்பல் தாள்கள், அதைக் கொஞ்சம் பார்ப்போம். நடுக்கடலில் பிறநாட்டுப் போர்க்கப்பல் மறித்தால், ‘இது அமெரிக்கக் கப்பல், விட்டுவிடுங்கள்’ என்று காட்ட மாலுமிக்கு ஒரு தாள் வேண்டும். வாஷிங்டன் காலத்தில் தொடங்கிய ஒரு வகை, பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம், டச்சு என்று நான்கு மொழிகளில் ஒரே தாளில் பத்தி பத்தியாக அச்சிட்டது. மறிப்பவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் படித்துத் தொலைக்கட்டும் என்ற ஏற்பாடு.

இன்னொரு வகை மத்தியதரைக் கடல் பயண அனுமதி. வட ஆப்பிரிக்கக் கரையில் அல்ஜியர்ஸ் போன்ற அரசுகள் வணிகக் கப்பல்களைப் பிடித்து மாலுமிகளை அடிமையாக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1795-இல் அல்ஜியர்ஸோடு அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது. 1796-இல் இந்த அனுமதித் தாளுக்குச் சட்டம் வந்தது. தோல்தாளின் மேல்பகுதியில் கப்பலும் கலங்கரை விளக்கமும் செதுக்கு அச்சில் இருக்கும். அந்தப் படத்தின் குறுக்கே, தாளை நேராக வெட்டாமல் அலை அலையாக வெட்டுவார்கள். வெட்டிய மேல்துண்டுகள் அமெரிக்கத் தூதர்கள் வழியாக அந்தக் கரைத் துறைமுகங்களுக்குப் போகும். கீழ்த்துண்டு கப்பலில். கொள்ளைக் கப்பல்காரன் ஏறி வந்தால் தன்னிடம் உள்ள மேல்துண்டை இதன் தலையில் வைத்துப் பார்ப்பான். அலையோடு அலை பொருந்தினால் கப்பல் தப்பியது. ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாதவனும் சரிபார்த்துவிடலாம்!

அதனால்தான் ஏலத்துக்கு வரும் இந்த அனுமதித் தாளின் தலைப்பகுதி எலி கடித்ததுபோல் இருக்கும். ‘மேல்பக்கம் சேதம்’ என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். புதியவர்களைக் குழப்பும் மற்றொன்று மை. ஜனாதிபதியின் கையெழுத்து ஒரு நிறத்தில் இருக்கும், கப்பல் பெயரும் மாலுமியின் பெயரும் வேறு நிறத்தில் வேறு கையில் இருக்கும். ஜனாதிபதி வெற்றுப் படிவங்களில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுத் துறைமுகங்களுக்கு அனுப்பிவிடுவார். கப்பல் கிளம்பும்போது அங்குள்ள சுங்க அதிகாரி நிரப்பிக்கொடுப்பார். ஆக, இரண்டு மை இருப்பதில் தப்பே இல்லை.

அப்புறம் சட்டப் பிரதிகள். 1789 செப்டம்பரில் வந்த ஒரு சட்டப்படி, காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், நிறைவேற்றும் ஒவ்வொரு சட்டத்தின் அச்சுப் பிரதியிலும் இரண்டிரண்டை வெளியுறவுச் செயலர் சான்றளித்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் அனுப்ப வேண்டும். 1790 மார்ச் முதல் 1793 முடியும்வரை அந்தப் பதவியில் இருந்தவர் ஜெஃபர்சன். மாநிலங்களோ பதினைந்துக்கு மேல் இல்லை. கணக்குப் போட்டால் ஒரு சட்டத்துக்கு முப்பதுக்குள்தான் அவர் கையெழுத்திட்ட பிரதிகள் இருந்திருக்கும். எஞ்சியவை அதிலும் குறைவு.

இந்தக் கணக்கைத்தான் முதலில் பழக வேண்டும். ‘இது அரிது’ என்று விற்பவர் சொல்வார். எத்தனை தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, ஏன் போட வேண்டியிருந்தது என்று கேட்டால் அரிதா இல்லையா என்பது தானாகத் தெரியும். வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1841-இல் பதவியேற்று ஒரே மாதத்தில் இறந்துபோனார், ஜனாதிபதியாக அவர் கையெழுத்துப் போட நேரமே இல்லை. 1776-இன் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் ஜார்ஜியாவின் பட்டன் குவினெட் அடுத்த ஆண்டு மே மாதமே துப்பாக்கிச் சண்டையில் காயம்பட்டு இறந்தார். அவர் பெரிய தலைவரும் இல்லை, யாரும் அவர் கடிதங்களைப் பத்திரப்படுத்தவும் இல்லை. உலகத்திலேயே ஐம்பது சொச்சம் கையெழுத்துகள்தான் தெரியவந்துள்ளன. 56 பேரையும் முழுதாகச் சேர்க்க நினைக்கும் எல்லோருக்கும் இவர் ஒருவர் வேண்டும். 2010-இல் அவர் கையெழுத்துள்ள ஒரு கடிதம் 7,22,500 டாலருக்குப் போனது. புகழுக்கும் விலைக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார்.

கொடுத்த தாளா, வைத்துக்கொண்ட தாளா

நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். அதே புத்தி இங்கேயும் வேண்டும். சொல்லப்போனால் கையெழுத்து உண்மையா பொய்யா என்பதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டும் என்பேன். ஓர் அரசுத் தாளைக் கையில் எடுத்ததும் வரவேண்டிய கேள்வி: இது அரசாங்கம் யாருக்காவது கொடுத்த தாளா, அல்லது தன்னிடமே வைத்துக்கொள்ள எழுதிய தாளா?

பட்டா விவசாயிக்குக் கொடுத்தது. நியமன ஆணை அந்த அதிகாரிக்குக் கொடுத்தது. அவர்கள் வாரிசுகள் விற்கலாம், நீங்கள் வாங்கலாம். ஆனால் நீதிமன்றக் கட்டிலிருந்த ஒரு தாள், சட்டமன்றப் பதிவு, அலுவலகக் கோப்பு இதெல்லாம் வெளியே வந்திருந்தால் எப்படி வந்தது? வட கரோலினாவில் நடந்த வழக்கு ஒன்று இதில் பிரபலம். 1767, 1768-ஆம் ஆண்டுகளின் இரண்டு குற்றப்பத்திரிகைகள். கீழே அரசு வழக்கறிஞராகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் வில்லியம் ஹூப்பர், பின்னாளில் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். சேகரிப்பாளர் ஒருவர் முறையாகப் பணம் கொடுத்துத்தான் வாங்கியிருந்தார். ‘அது எங்கள் நீதிமன்றத் தாள், நாங்கள் யாருக்கும் விற்கவில்லை’ என்று மாநில அரசு வழக்குப் போட்டது. 1977-இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. இருநூறு வருடம் கழித்தும், நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்தும் தாள் திரும்பிப் போனது.

அதே மாநிலத்தின் இன்னொரு கதை சினிமா மாதிரி. அரசியலமைப்பின் உரிமைச் சாசனத் திருத்தங்களை 1789-இல் கையால் 14 பிரதிகளாக எழுதினார்கள். ஒன்று மத்திய அரசுக்கு, மற்றவை மாநிலங்களுக்கு. கீழே பிரதிநிதிகள் சபைத் தலைவர் முயுலன்பெர்க், துணை ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் இருவரின் கையெழுத்து. 1865-இல் உள்நாட்டுப் போர் முடியும் சமயம், ராலே நகரத் தலைமைச் செயலகத்திலிருந்து வடக்குப் படை வீரன் ஒருவன் வட கரோலினாவின் பிரதியைச் சுருட்டிக்கொண்டு போனான். மறு வருடம் அதை விற்றது 5 டாலருக்கு. வாங்கியவர் குடும்பத்திடம் தலைமுறைகளாக இருந்து, பிறகு கைமாறி, 2003-இல் ஃபிலடெல்ஃபியாவில் பல லட்சம் டாலர் பேரத்துக்கு வந்தபோது வாங்குபவர்போல் உட்கார்ந்திருந்தது எஃப்.பி.ஐ. 138 வருடம் கழித்துத் தாள் வீடு திரும்பியது.

எல்லாத் தாளிலும் இந்தக் கோடு தெளிவாக இருக்காது. அந்தக் காலத்தில் ஆளுநரின் அலுவலகம் என்பது பாதி அவர் வீட்டு மேசைதான். 1787-இல் காங்கிரஸ் செயலர் சார்லஸ் தாம்சன், அரசியலமைப்பின் அச்சுப் பிரதிகளில் கையெழுத்திட்டு மாநிலங்களுக்கு அனுப்பினார். அதில் ஒன்று 2022-இல் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில், ஒருகாலத்தில் ஆளுநர் சாமுவேல் ஜான்ஸ்டனுக்குச் சொந்தமாக இருந்த பண்ணை வீட்டில், ஒரு ஃபைல் அலமாரிக்குள் கிடந்தது. 2024 அக்டோபரில் ஏலக்கேள்வி 90 லட்சம் டாலரில் நின்றது. வீட்டைக் காலி செய்யும்போது பழைய காகிதத்தை எடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், வேறென்ன சொல்ல.

கொடுத்த தாளே திரும்பவும் அரசுக் கோப்புக்குள் போன கதையும் உண்டு. 1783-இல் போர் முடிந்து படை கலைந்தபோது, வீரர்களுக்கு விடுவிப்புச் சான்று கொடுத்தார்கள். அச்சுப் படிவம், கீழே வாஷிங்டனின் சொந்தக் கையெழுத்து, ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போட்டிருக்கிறார். கிழவர்களான பிறகு அந்த வீரர்கள் ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தபோது, ‘நான் படையில் இருந்தேன்’ என்பதற்கு ஆதாரமாக அந்தச் சான்றையே இணைத்து அனுப்பினார்கள். அவை இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளில் இருக்கின்றன. அப்படியென்றால் சந்தையில் வரும் விடுவிப்புச் சான்று எந்த வழியாக வந்தது? குடும்பத்திடமிருந்தா, கோப்பிலிருந்தா? கேட்காமல் வாங்கக் கூடாது. காப்பகத்தில் திருட்டு நடக்காது என்று நம்பவும் வேண்டாம். ஃபிலடெல்ஃபியா கிளையில் வேலை பார்த்த ஒருவரே ஜனாதிபதிகளின் மன்னிப்பு ஆணைகளைத் திருடி விற்றதாக 2002-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1790-இல் காப்புரிமைச் சட்டம் வந்தது. அந்த ஜூலை 31 அன்று முதல் காப்புரிமை சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு, சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் முறைக்காக, வாஷிங்டன் கையெழுத்தோடு கொடுக்கப்பட்டது. 1836 டிசம்பரில் காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்து, அதுவரை இருந்த சுமார் 10,000 காப்புரிமைகளின் பதிவுகள் சாம்பலாயின. பிறகு கண்டுபிடிப்பாளர்களிடம் இருந்த பிரதிகளைத் தேடிக் கேட்டு வாங்கித்தான் ஒரு பகுதியை மீட்டார்கள். அரசாங்கம் வைத்துக்கொண்டது போனது, கொடுத்தது பிழைத்தது.

ஜனாதிபதி பெயர் இருக்கிறது, ஜனாதிபதி கை இல்லை

ஆரம்பத்தில் எல்லோரும் விழும் குழி இது. மேற்கே நிலம் விற்க விற்க பட்டாக்கள் மலைபோல் குவிந்தன. ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் கையெழுத்துக்குக் காத்திருந்தவை ஆயிரக்கணக்கில். கடைசியில் 1833 மார்ச் 2 அன்று காங்கிரஸ் சட்டம் போட்டது: ஜனாதிபதியின் பெயரை எழுதிப் பட்டாவில் கையெழுத்துப் போட ஒரு செயலரை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வந்த பட்டாக்களில் ‘ஆண்ட்ரூ ஜாக்சன்’ என்று பெரிதாக இருக்கும், கீழே சின்னதாகச் செயலரின் பெயர் இருக்கும். இரண்டும் செயலர் எழுதியதுதான்.

லிங்கன் காலத்துப் பட்டாவும் அப்படித்தான். இணையத்தில் ‘லிங்கன் கையெழுத்திட்ட நிலப் பட்டா’ என்று யாராவது விற்றால், ஒன்று அவருக்கு விஷயம் தெரியவில்லை, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். தேதியைப் பாருங்கள். 1833 மார்ச்சுக்கு முன்னா, பின்னா? மற்றதெல்லாம் அப்புறம்.

மையும் தாளும்

எங்கள் உறவினர் ஒருவர் அமெரிக்கா போய்வந்தபோது சுதந்திரப் பிரகடனத்தின் ‘தோல்தாள் பிரதி’ வாங்கி வந்தார். பொரித்த அப்பளம்போல் சுருங்கி, டீ நிறத்தில், தொட்டால் மொறுமொறுவென்று இருந்தது. 56 கையெழுத்தும் இருந்தது. நானும் கொஞ்ச நாள் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன், அசட்டுத்தனமாக. உண்மையான பழைய தாள் அப்படி மொறுமொறுக்காது. 1700-களின் காகிதம் மரக்கூழில் செய்ததல்ல, பருத்தி, லினன் கந்தல் துணியை ஊறவைத்து அரைத்துச் செய்தது. இன்றைக்கும் துணிபோல் மடங்கும், நல்ல தாள் பலது வெள்ளையாகவே இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அச்சுச் சல்லடையின் கோடுகளும், செய்தவரின் நீர்க்குறியும் தெரியும்.

மை மாசிக்காய் மை. சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் அதே மாசிக்காய், அதோடு அன்னபேதி, பிசின். எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப்பட்டுக் கறுக்கும், நூற்றாண்டு கழித்துப் பழுப்பாகும். காகிதத்துக்குள் ஊறி, சில இடங்களில் காகிதத்தையே அரித்துவிடும்.

போலி செய்பவர்களுக்கும் இதெல்லாம் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் ஸ்பிரிங் என்பவர் பழைய புத்தகங்களின் வெற்றுப் பக்கங்களைக் கிழித்து, வாஷிங்டன் கொடுத்த காவல்சாவடி அனுமதிச் சீட்டுகளாக எழுதித் தள்ளினார். இன்று ஸ்பிரிங் செய்த போலிகளையே விலை கொடுத்துச் சேகரிக்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில் ஜோசப் கோசி. 1929-இல் காங்கிரஸ் நூலகத்திலிருந்து பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கையெழுத்திட்ட ஒரு சம்பள ஆணையைச் சுட்டுக்கொண்டு வந்தார். பென்சில்வேனிய அரசின் தலைவராக ஃபிராங்க்ளின் 1786-இல் போட்டது. அதை விற்கப் போனால் வியாபாரி ‘இது போலி’ என்று திருப்பிவிட்டாராம். அந்த ரோஷத்தில் லிங்கன் கையெழுத்தைத் தானே போட்டுப் பழகி, அதே வியாபாரியிடம் 10 டாலருக்கு விற்றார் என்று கதை. அசல் போகவில்லை, போலி போனது.

வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். பழைய தாளில் மடிப்பு இருக்கும், மடிப்பில் நார் உடைந்திருக்கும். எழுத்து அந்த மடிப்பைத் தாண்டும் இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மை உடைந்த நாருக்குள் ஒழுகிப் பரவியிருந்தால், மடித்துப் பல காலம் கழித்து எழுதியிருக்கிறார்கள். முதலில் எழுதிப் பிறகு மடித்த தாளில் மை அப்படிப் பரவாது, மடிப்போடு உடைந்துதான் போகும். அடுத்தது, கையெழுத்தின் வேகம். ஆயிரம் பட்டாவில் போடுகிறவன் கை ஓடும். பார்த்து வரைகிறவன் கை நடுவில் நின்று மூச்சு வாங்கும், அந்த இடத்தில் மை தேங்கும். புற ஊதா விளக்கில் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அது இருபதாம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிந்தைய காகிதம், அங்கேயே கதை முடிந்தது.

எங்கே தொடங்குவது

வாஷிங்டனில் தொடங்காதீர்கள். 1776 மார்ச் 25 தேதியிட்ட நியூ ஜெர்சி காகிதப் பணம் ஒன்று வாங்குங்கள். அன்று ஒவ்வொரு நோட்டிலும் மூன்று பேர் மையால் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டுகள் பலவற்றில் ஒருவர் ஜான் ஹார்ட், நான்கு மாதம் கழித்துச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட விவசாயி. கள்ள நோட்டு அடித்தால் மரணம் என்று நோட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். இப்படி மக்கள் கையில் புழங்கவென்றே வெளியிட்ட தாளில் வில்லங்கமும் குறைவு, பிரகடனக்காரர் ஒருவரின் கையெழுத்தை இவ்வளவு மலிவாக வேறெங்கும் வாங்க முடியாது.

கனெக்டிகட் மாநிலத்தின் போர்க்காலச் சம்பளச் சீட்டுகளும் நல்ல தொடக்கம். ஹார்ட்ஃபோர்டிலிருந்த சம்பளக் குழு, ‘இன்னாருக்கு இத்தனை பவுண்டு கொடுக்கவும்’ என்று மாநிலப் பொருளாளர் ஜான் லாரன்ஸுக்கு எழுதிய சின்னச் சீட்டுகள். குழுவில் இருந்த ஆலிவர் எல்ஸ்வொர்த் பின்னாளில் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஆனார். பணம் கொடுத்ததும் சீட்டைக் கத்தியால் கீறியோ ஓட்டை போட்டோ செல்லாததாக்குவார்கள். ஓட்டை கையெழுத்தின்மேல் விழுந்தால் விலை குறையும், தள்ளி விழுந்தால் பாதகமில்லை. பின்பக்கம் திருப்பினால் பணம் வாங்கியவரின் கையெழுத்தும் இருக்கும். சில சமயம் முன்பக்கத்தைவிட அதுதான் என்னை இழுக்கும்.

வாங்கியதை லேமினேட் செய்யாதீர்கள். பள்ளிச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் லேமினேஷன் கடைக்கு ஓடுவது நம் ரத்தத்தில் ஊறியது, ஆகவே அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்கக் காப்பகங்களும் 1930-கள் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அப்படிச் செய்துவிட்டு இன்று வருந்துகின்றன. செலோடேப்பும் கூடாது. அமிலமில்லாத உறை, அதற்குள் மைலார் என்ற தெளிவான பாலியெஸ்டர் தாள், வெயில் படாத அலமாரி. போதும்.

பணம் செலவழிக்கும் முன், அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறை இணையத்தில் வைத்திருக்கும் பழைய பட்டாக்களைப் பாருங்கள். லட்சக்கணக்கில், இலவசமாக, படத்தோடு இருக்கின்றன. படிவம் எப்படி இருக்கும், எந்த ஆண்டில் என்ன வாசகம், செயலரின் பெயர் எங்கே வரும் என்பதெல்லாம் கண்ணுக்குப் பழகிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கே தெரிவது அலுவலகப் பதிவேட்டின் நகல். ‘தா: ஜெஃபர்சன்’ என்று அதில் தெரிந்தாலும், அது பதிவேட்டில் எழுத்தர் ஒருவர் பார்த்து எழுதியது. அவர் கைப்படப் போட்டது, அந்த விவசாயி வீட்டுக்குக் கொண்டுபோன தாளில் இருக்கிறது.